சுரங்கப் பங்கு வாங்கிய சம்பந்தியோடு கெலமங்கலம் குவாரியில் ஒரு நாள்

புரட்டாசி முதல் வாரம், ஒரு வியாழக்கிழமை மாலை ஓசூரிலிருந்து என் சம்பந்தி கோவிந்தப்பா போன் செய்தார். நலம்கூட விசாரிக்கவில்லை. "சம்பந்தி, நாளைக்கு வாங்க. ஒரு கல்லு பாக்கணும்" என்றார்.

வீட்டுக்குத் தரை போடப் போகிறாரோ என்று நினைத்தேன். அது இல்லை. கிரானைட் வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியின் பங்குகளை வாங்கியிருக்கிறார். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் பாதி அதில் போய்விட்டது. பங்கு ஒன்று 240 ரூபாய்க்கு வாங்கியது, நாலு மாதத்தில் 310 ஆனது, இப்போது 190க்குப் பக்கத்தில் நிற்கிறது. இறங்கிக் கிடக்கும்போதே மீதிப் பாதியையும் போட்டுவிட வேண்டும் என்பது அவர் யோசனை. அந்த மீதிப் பாதி, சம்பந்தியம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சைக்கு என்று வைத்திருந்தது.

"நீங்க நாப்பது வருசம் கல்லுலயே கெடந்தவரு. நல்ல கல்லுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, திங்கக்கெழம போட்டுடறேன்."

என் ஒரு வார்த்தையில் அந்தம்மாவின் கால் தொங்குகிறது என்று அப்போதே புரிந்துவிட்டது. அதனால்தான் கிளம்பினேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். எனக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். வெட்டிய கல் மேல் சிவப்புப் பெயின்டில் போட்ட எண்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றது. நான் சொல்லச் சொல்ல இதைத் தட்டச்சு செய்பவள் என் மருமகள். அவள் கோவிந்தப்பாவின் மகள். "எங்கப்பாவ ரொம்ப எறக்கிச் சொல்லாதீங்க மாமா" என்று இப்போதே சொல்லிவிட்டாள். பார்க்கலாம்.

காலை 5.50க்கு மத்தூரில் பஸ். கிருஷ்ணகிரிக்கு 25 ரூபாய், 6.40க்கு இறங்கினேன். 6.55க்கு ஓசூர் வண்டி, 50 ரூபாய். இடது பக்க ஜன்னல் கிடைத்தால் உட்காருங்கள், காலை வெயில் வலது பக்கம் அடிக்கும். சூளகிரி தாண்டியதும் கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து, பாகலூர் ரோடு பிரிவதற்கு முன்பே நெரிசல். 8.15க்கு ஓசூர். அங்கிருந்து மத்திகிரிக்கு ஷேர் ஆட்டோ 20 ரூபாய்.

சம்பந்தியம்மா ராகி தோசை சுட்டுக்கொண்டிருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்துதான் சுடுகிறார். எழுந்திருக்கும்போது சமையல் மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார்.

"கல்லு பாக்கப் போறீங்களா அண்ணா? எங்கால பாருங்க. இது தேஞ்சது எக்ஸ்ரே படத்துலயே தெரியுது, ஊரு ஊரா போகவேணாம்."

"உனக்கு ரெண்டு காலும் மாத்தித் தரேன் பாரு, வெளிநாட்டுக் காலு" என்றார் சம்பந்தி.

"மொதல்ல உள்ளூர்க் காலு தாங்க" என்று தோசையைத் திருப்பிப் போட்டார் அந்தம்மா.

9.40க்கு ஓசூர் பஸ் நிலையத்தில் கெலமங்கலம் டவுன் பஸ் ஏறினோம். இருபது கிலோமீட்டர் போல இருக்கும். வழியெல்லாம் சம்பந்தி போனைப் பிடித்துக்கொண்டே வந்தார். எழுத்து தெரியாததால் எனக்கு எண் மட்டும் கண்ணில் பட்டது. 191.20 என்றிருந்தது, அடுத்த நிறுத்தத்தில் 189.75. ஒரு ஆடு குறுக்கே வந்து டிரைவர் பிரேக் போட்டபோது 192.

"அங்க யாரு சம்பந்தி, இந்த நிமிசத்துல கல்லு வெட்டினாங்களா?"

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாது. மார்க்கெட்டு" என்றார்.

கெலமங்கலத்திலிருந்து குவாரி ஆறு கிலோமீட்டர். போக வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து ஆட்டோக்காரர் 350 கேட்டார், 300க்கு ஒப்புக்கொண்டார். ஆட்டோக்காரர் கன்னடத்தில் ஏதோ சொன்னார், சம்பந்தி தெலுங்கில் பதில் சொன்னார், இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் இருக்கும்.

குவாரியில் மேஸ்திரி முனிரத்னம். என்னோடு டிரில் பிடித்தவர், அதனால்தான் உள்ளே விட்டார்கள். பள்ளத்தில் பாதிக்கு மழைத்தண்ணீர். இரண்டு மோட்டார் இறைத்துக்கொண்டே இருந்தன. மேலே ஒரே ஒரு இடத்தில் வைரம் பதித்த ஒயர் போட்டுக் கல்லை அறுக்கிறார்கள். வெட்டி இறக்கி வைத்த கல் பிளாக்குகளைச் சுற்றிப் பார்த்தேன். நல்ல கறுப்பு, கல்லுக்குள் தெரியும் மணி சின்னது, ஒரே சீர். பொய் சொல்ல முடியாது. முதல் தரமான கல்.

அப்போது பெங்களூரிலிருந்து வாங்க வந்த ஒருவர் ஒரு பிளாக்கின் முன்னால் நின்றார். முனிரத்னம் ஆளை விட்டு நாலு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்னார். கல் கண்ணாடிபோல மின்னியது.

"அடேயப்பா! இது ஒண்ணு போதும் சம்பந்தி" என்றார் கோவிந்தப்பா.

வந்தவர் விலை பேசவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். கல் வேலை தெரிந்த யாரும் ஈரத்தில் விலை சொல்லமாட்டார்கள். ஈரத்தில் எல்லாக் கல்லும் அழகு. காயும்போதுதான் பார்க்க வேண்டும். மேல்பக்கம் முதலில் காய்ந்துவிடும். உள்ளே முடி அளவு விரிசல் இருந்தால் அங்கே மட்டும் ஈரம் நிற்கும், பென்சில் கோடு போட்டதுபோல. அன்று மேகமூட்டம், காய முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் ஒரு மூலையில் கோடு நின்றது. மூன்றில் ஒரு பங்கு கல் வேஸ்ட். வந்தவர் அதற்குத் தகுந்தபடி விலையைக் குறைத்தார். முனிரத்னம் முகத்தில் மாற்றமே இல்லை. டீ கொண்டுவரச் சொன்னார்.

டீ குடிக்கும்போது கேட்டேன். "கல்லு இவ்ளோ நல்லாருக்குது, பங்கு ஏம்பா இப்படி ஆடுது?"

"கல்லு நல்லாருந்தா போதுமா? தோ பாருங்க, நூறு ரூவாக் கல்லுக்கு எனக்குத் தொண்ணூறு ரூவா செலவுன்னு வெச்சிக்கங்க. டீசல், கூலி, மோட்டாரு. நிக்கறது பத்து. வெளிநாட்டுல அஞ்சு ரூவா கொறச்சிட்டான்னா?"

"அஞ்சு நிக்கும்."

"கல்லு வெல கொறஞ்சது அஞ்சு ரூவா. லாபத்துல பாதி போச்சி. அஞ்சு ஏத்துனா லாபம் ஒண்ணரை மடங்கு. ஆளு அதேதான், மலை அதேதான். வேற கம்பெனின்னா செலவக் கொறச்சிக்குவான். நான் இந்தத் தண்ணிய எறைக்காம இருக்க முடியுமா?"

எனக்கு ஒரு பழைய வருடம் ஞாபகம் வந்தது. நாங்கள் சிவப்புக் கல் வெட்டிக்கொண்டிருந்தோம். சிவப்புக்கு நல்ல விலை என்று இரட்டைக் கூலி கொடுத்து ஆள் சேர்த்தார்கள். மேல்மண் தள்ளி, கல்லைத் திறக்க ஐந்து மாதம். திறந்த வாரம் வெளிநாட்டுக்காரனுக்குச் சிவப்பு பிடிக்காமல் போய்விட்டது. அதற்குள் வெட்டி வைத்த பதினேழு பிளாக்கும் இரண்டு மழைக்காலம் அங்கேயே கிடந்தன. அவற்றின் எண்கள் இன்னும் எனக்குத் தெரியும். கல்லில் ஒரு குறையும் இல்லை. அப்போது நாங்கள் பார்த்ததைத்தான் இப்போது சம்பந்தியின் போன் நிமிடத்துக்கு நிமிடம் காட்டுகிறது. தண்ணீர் ஏறுவது, அனுமதி கிடைக்காமல் இழுப்பது, கப்பல் தாமதம், உள்ளே விரிசல் இருக்குமோ என்ற பயம், எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குள் கிடக்கிறது. மண்ணுக்குள் இருப்பதை யாரும் பார்த்ததில்லை. பார்க்காததற்கு விலை சொன்னால் அது ஆடத்தானே செய்யும்?

திரும்பும்போது ஆட்டோவில் சம்பந்தி கேட்டார். "சொல்லுங்க. கல்லு எப்படி?"

"நல்ல கல்லு."

"நான் சொல்லல? அப்ப திங்கக்கெழம போட்டுடறேன்."

"வேணாம்."

"இன்னா சம்பந்தி வெளையாடறீங்களா? நல்ல கல்லுன்றீங்க, வேணான்றீங்க!"

"அந்தக் கல்லு காயற வரைக்கும் முக்கா மணி நேரம் நின்னோமே, எத்தன வாட்டி போனப் பாத்தீங்க?"

அவர் போனைக் கவிழ்த்துப் பிடித்தார்.

"பதினோரு வாட்டி. நான் எண்ணிக்கினு இருந்தேன். வாங்க வந்தவரு கம்முனு நின்னாரு, அவருக்கு அவசரமில்ல. போட்டிருக்கற பாதி கெடக்கட்டும், காயட்டும். எத்தன வருசம் ஆகும்னு முனிரத்னத்துக்கே தெரியாது. சம்பந்தியம்மாவால அத்தன வருசம் மேடையப் புடிச்சிக்கினு நிக்க முடியாது."

மத்திகிரி வரும்வரை அவர் வெளியே வேடிக்கை பார்ப்பதும் போனைப் பார்ப்பதுமாக வந்தார். 3.30க்குச் சந்தை முடிந்தபோது 193.10. காலையில் பார்த்ததற்கும் இதற்கும் இரண்டு ரூபாய்கூட வித்தியாசமில்லை. அதற்குள் அவருக்கு மூன்று முறை வேர்த்திருந்தது.

திங்கட்கிழமை 9.20க்கு நானே போன் செய்தேன். பயந்துகொண்டுதான் செய்தேன்.

"எங்க இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரியில. டோக்கன் பதினாலு."

"பங்கு?"

"பன்னெண்டு ரூவா ஏறிடுச்சி. உங்க பேச்சக் கேட்டேன் பாருங்க!" பின்னால் யாரோ பெயர் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டார்.

இதுபோலப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தெரிந்தவர் இல்லாமல் குவாரிக்குப் போகாதீர்கள், உள்ளே விடமாட்டார்கள். வெடி வைக்கும் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். தலைக்கவசம் கொடுத்தால் போட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும் என்று நான்கூடக் கழற்றவில்லை. செருப்பு வேண்டாம், ஷூ நல்லது. எனக்கு ஓசூர் போய்வரச் செலவு, என் பங்கு ஆட்டோவும் சேர்த்து, நானூறு ரூபாய்க்குள். பங்கு வாங்கலாமா என்று கல்லைப் பார்த்து முடிவு செய்யலாம் என நினைத்துப் போகாதீர்கள். கல்லைப் பார்த்தால் கல்லைத்தான் தெரிந்துகொள்ளலாம். அந்தப் பணம் நாளைக்கு யாருக்குத் தேவை என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம், அதற்குப் பஸ் செலவில்லை.

பொங்கலுக்கு இருவரும் மத்தூர் வந்தார்கள். எங்கள் வீட்டு வாசலில் மூன்று படி. சம்பந்தியம்மா சுவரைப் பிடிக்காமல் ஏறினார். பின்னால் போனைப் பார்த்தபடியே வந்த சம்பந்தி மூன்றாவது படியில் தடுக்கினார். அந்தம்மாதான் திரும்பிக் கைகொடுத்தார்.