கிரகணத்தன்று கிள்ளிய கொழுந்து

தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவளைச் சுமந்தபோது கிரகணத்தன்று அம்மா தேயிலைக் கொழுந்து கிள்ளியதுதான் காரணம் என்று எங்கள் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளெல்லாம் பேசின. ஒருநாள் கோபத்தில் நானும் அதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அது தன் குற்றம்தான் என்று ஒடுங்கிப்போன அம்மா, அதன்பிறகு தங்கையைப் பள்ளிக்கு அனுப்பும் பேச்சையே எடுக்கவில்லை.

கடைசியில் தங்கையைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், "இது மரபணுவால வந்தது. அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்டயிருந்தும் வந்திருக்கு. யார்மேலயும் தப்பில்ல" என்றார்.

இத்தனை வருடம் வாயே திறக்காத அப்பா, "அப்ப பாதி என்னோடது. நீ மட்டும்தானே புள்ள ஏச்சு வாங்குன" என்றார் அம்மாவிடம்.

வீடு திரும்பும் கொட்டகலை பஸ்ஸில், மன்னிப்புக் கேட்க அம்மா பக்கம் திரும்பினேன். அப்பாவின் தோளில் சாய்ந்து அம்மா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்; அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

தங்கை இப்போது பள்ளிக்குப் போகிறாள். நான் மரபியல் படிக்கப்போகிறேன் என்றால், எதற்கு என்று கேட்கிறார்கள். காரணம் தெரியாமல் இப்படிப்பட்ட பிள்ளைகள் வீட்டோடு முடங்கக்கூடாது என்பேன். அந்தத் தூக்கத்தைப் பற்றி மட்டும் சொல்வதில்லை.