கொதிநீர் பட்ட மணிகள்

அந்தக் குழாயில் கொதிநீரை ஊற்றியவள் நான். வேலையை இழந்தவன் சபேசன்.

இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். மிச்சத்தைக் கேட்டபின் நீங்கள் என்னைப் பற்றி எதையும் நினைத்துக்கொள்ளலாம்.

எண்பதுகளில் அகதியாகக் கனடாவின் மொன்றியலுக்கு வந்த எனக்கு, அதன் புறநகரான புவாண்ட்-கிளேரில் ஒரு சிறிய பால் தொழிற்சாலையில் கழுவித் துடைக்கும் வேலை. சேர்த்துவிட்டவன் சபேசன், மட்டக்களப்புப் பொடியன். அவன் பொறுப்பில் ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே சீனி போன்ற வெள்ளை மணிகள். மணிகளில் நொதியத்தை, அதாவது என்சைமை, ஒட்டிவைத்திருந்தார்கள். அதனூடாக இறங்கும் பாலின் சர்க்கரை உடைந்துவிடும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களும் குடிக்கலாம். வெளியே வரும் பால் சற்றுக் கூடுதலாக இனிக்கும். நொதியம் பாலோடு போய்விடாது. அதே மணிகள் மாதக்கணக்கில் உழைக்கும்.

"வெதுவெதுப்பான தண்ணி மட்டும்தான் அக்கா. உங்கட யாழ்ப்பாணத்துச் சுத்தத்த இதில காட்டிராதீங்க!" என்று சிரிப்பான்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. பால் புழங்கிய பாத்திரத்துக்குக் கொதிநீர் ஊற்றாமல் விடுவதா...? ஒரு மாலை குழாயில் புளித்த வாடை. அவன் போனபின், சாப்பாட்டறையில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலைக் கொண்டுவந்து கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன்.

மணிகள் அப்படியே இருந்தன. அதே வெள்ளை, அதே பளபளப்பு.

காலையில் பால் இனிக்கவில்லை. சூட்டில் நொதியம் செத்திருந்தது. குழாயின் அடியிலிருந்த பிளாஸ்ரிக் வளையம் நெளிந்திருந்தது. மனேஜர் பிரெஞ்சில் கத்தினார். எனக்கு மொழிபெயர்க்க அங்கே சபேசனை விட்டால் ஆளில்லை.

"அக்கா, கொதிதண்ணி ஊத்தினது நீங்களா எண்டு கேக்கிறார்."

அவன் மனைவி மட்டக்களப்பில். வேலை இருந்தால்தான் அவளைக் கூப்பிடலாம். அது எனக்குத் தெரியும்! என் அகதி விசாரணையும் முடியவில்லை. பயமா, கூச்சமா...? இரண்டையும் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். இரண்டும் போதவில்லை.

"இல்லைத் தம்பி. நானில்லை."

அவன் என்னையே பார்த்தான். பிறகு திரும்பி, அதை அப்படியே மனேஜரிடம் சொன்னான்.

அன்றே அவனை நிறுத்தினார்கள். போகும்போது, குழாயின் பின்னால் நான் மறந்துவிட்டிருந்த கேத்திலை எடுத்துச் சாப்பாட்டறையில் வைத்தான்.

"வாறன் அக்கா."

ரொறொன்ரோவுக்குப் போய்விட்டான் என்றார்கள். மனைவி வந்தாளா? யாரிடமும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

புதிய மணிகள் வந்தன. குழாயை என் பொறுப்பில் விட்டார்கள். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு, "வெதுவெதுப்பான தண்ணி மட்டும்தான்" என்று சொல்லிக்கொடுத்தேன். எனக்கு அதைச் சொல்லித் தந்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை... நானும் சொல்லவில்லை.