கட்டக்காவிடம் இருக்கும் ஊதா மூடி

கட்டக்கா கால் வைத்த வீடு வருஷம் திரும்புவதற்குள் இரண்டு வீடாகிவிடும் என்று ஒரு பேச்சு. மருந்துக் கடையில் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்பவர்கள், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்காகக் காத்திருப்பவர்கள், சலூனில் கழுத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். "அந்தம்மா வந்து டிராயரைப் பிரிக்கும். பின்னாடியே குடும்பம் பிரியும். வேணும்னா பாரு."

இவ்வளவு பேர் சொல்லும்போது அது பொய்யாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனாலும் விசாரிக்காமல் விடுவது நியாயமில்லை.

கட்டக்காவின் தொழில், அலமாரி டிராயர்களுக்குள் தடுப்பு வைப்பது. மெல்லிய பிளைவுட் பட்டைகளை அறுத்து, பாதி உயரத்துக்குப் பிளவாகக் காடி வெட்டி, ஒன்றை ஒன்றில் குறுக்கே இறக்குவாள். கரண்டிக்கு ஒரு கட்டம், மாத்திரைக்கு ஒரு கட்டம், பேட்டரிக்கு ஒன்று, ரசீதுக்கு ஒன்று. ஆணி கிடையாது, பசை கிடையாது. வேண்டாம் என்றால் அப்படியே தூக்கிவிடலாம். கட்டம் போடுகிற அக்கா என்பது தேய்ந்து கட்டக்கா ஆயிற்று. இதனால் சில்லறைக் குழப்பங்களும் உண்டு. ஒருமுறை யாரோ போன் செய்து, "பையனுக்குக் கட்டம் எப்படி இருக்குன்னு பார்த்துச் சொல்லணும்" என்றார்கள். கட்டக்கா சளைக்காமல், "உள்ளளவு சொல்லுங்க. அகலம் எவ்வளவு, ஆழம் எவ்வளவு?" என்று கேட்டாள். மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள். அந்தப் பையன் இப்போது எப்படி இருக்கிறானோ.

பேச்சின் முதல் சாட்சி, தையல் மிஷின் உதிரி பாகம் விற்ற கடை. கட்டக்கா கல்யாணத்துக்கு முன்பிருந்து வேலை பார்த்த இடம். புருஷன் லாரி ஓட்டுபவர், வீட்டில் இருந்ததைவிட இல்லாதது அதிகம். மகளை வளர்த்தது இந்தக் கடைச் சம்பளம்தான். எள்ளளவு திருகாணிகளை ஆயிரக்கணக்கில் கையாண்டு, எது எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும்படி டிராயர்களை அங்கேதான் அவள் முதலில் பிரித்தாள். கடைசித் தட்டை முடித்த மாதமே முதலாளியின் இரண்டு மகன்களும் கடையைப் பாதியாகப் பிளந்தார்கள். உண்மைதான். ஆனால் அந்த மகன்கள் அதற்கும் முன்பே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், நடுவில் கட்டக்காவை நிற்க வைத்து, "அவர்கிட்ட சொல்லு", "இவர்கிட்ட கேளு" என்று வியாபாரம் செய்துகொண்டிருந்தவர்கள். இதைப் பேச்சு விட்டுவிட்டது.

அடுத்து ஒரு பல் டாக்டர் வீடு, ஒரு லாண்டரிக்காரர் வீடு. இரண்டும் பிரிந்தன. மூன்றாவதில் தனியாள் ஒருவர், பிரிவதற்கு ஆள் போதாமல் அப்படியே இருக்கிறார். அவரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

விஷயம் இவ்வளவுதான். வீடு நன்றாக இருக்கும்போது யாரும் கட்டக்காவைக் கூப்பிடுவதில்லை. "என் சாவியை யார் எடுத்தது", "என் கண்ணாடி மேல யார் இதைப் போட்டது" என்று தொண்டை கிழிந்த பிறகுதான், குறை டிராயரில் இருக்கிறது என்று முடிவு கட்டி ஆள் அனுப்புவார்கள். அவள் போய்ச் சேரும்போது டிராயர் மட்டும்தான் மிச்சமிருக்கும்.

இதையெல்லாம் அவள் யாரிடமும் வாதாடியதில்லை. ஆனால் வேலை குறைந்தது. கடை பிளந்து வேலை போன பிறகு இந்தப் பிளைவுட் பட்டைதான் அவளுக்குச் சோறு. "இன்னொரு வீடு பிரிஞ்சுதுன்னா, இந்தத் தெருவுல எனக்குக் கதவு திறக்க மாட்டாங்கடி. பலகையை அடுப்புல வைக்க வேண்டியதுதான்" என்று மகளிடம் போனில் சொன்ன அதே வாரம்தான், முனை வீட்டிலிருந்து அழைப்பு வந்தது.

முனை வீட்டில் இரண்டு மருமகள்கள், ஒரு மாமனார். மாமியார் இறந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. மூத்தவள் ஒரு அலுவலகத்தில் வரவேற்பில் உட்காருபவள். எல்லாரிடமும் சிரித்துவிட்டு வந்து வீட்டில் சிரிப்பு தீர்ந்துபோனவள். இளையவள் வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். பெரியவர் தபால் ஆபீசில் வேலைக் காலம் முழுக்கக் கடிதம் பிரித்தவர். இப்போது இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, வெளிச்சம் தெரியும், முகம் தெரியாது.

கூடத்து அலமாரியில் நான்கு டிராயர். கட்டக்கா பையை இறக்கி வைப்பதற்குள் மூத்தவள் ஆரம்பித்தாள்.

"நடுவுல ஒரு பலகை வச்சிடுங்கக்கா. எல்லாத்துலயும். இடது பக்கம் எனக்கு, வலது பக்கம் அவளுக்கு."

"வலது பக்கம்தான் கதவுக் கீல் இடிக்குது. அதான் எனக்கு" என்றாள் இளையவள் தையல் மிஷினிலிருந்து திரும்பாமலே.

"சரி, நீ இடது எடுத்துக்க."

"நீங்க கொடுத்து நான் எடுத்துக்கணுமா?"

கட்டக்கா டேப்பை இழுத்தபடி சொன்னாள். "நான் ஆளுக்குப் பிரிக்க மாட்டேம்மா. பொருளுக்குத்தான் பிரிப்பேன். ஆளுக்குப் பிரிக்க வக்கீல் இருக்காங்க."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த வீட்டில் அது அபூர்வம்.

சண்டைக்கு மூலம் ஒரு கத்தரிக்கோல். இளையவள் தைத்துவிட்டு மிஷின் மேல் வைப்பாள், காலையில் இருக்காது. மூத்தவள் பால் பாக்கெட் வெட்டிவிட்டுச் சமையல் மேடையில் வைப்பாள், சாயங்காலம் இருக்காது. தேடினால் மாமியாரின் அடி டிராயரில் குப்பைக்கு நடுவே கிடைக்கும். ஒளித்து வைத்தது நீ என்று இவள், நீதான் என்று அவள். கத்தரிக்கோலில் தொடங்கியது பிள்ளைகளின் மார்க்கில் போய், அண்ணன் தம்பி சம்பளத்தில் முட்டி நின்றது. இளையவள் புருஷன் இரண்டு தெரு தள்ளி வீடு பார்க்கத் தொடங்கிவிட்டான்.

கட்டக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பலகை வெட்டும் முன் அட்டைப்பெட்டியைக் கிழித்து அட்டையிலேயே கட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்து வருவாள். எந்தக் கை எதை எங்கே தேடுகிறது என்பது அந்த வாரத்தில் தெரிந்துவிடும். வளைந்து நசுங்கிய அட்டையைப் பார்த்தே, "இந்தக் கட்டம் சின்னது, இது யாருக்கும் வேண்டாம்" என்று சொல்லிவிடுவாள். முனை வீட்டில் அந்த அட்டை வாரத்தை அவள் விட்டாள். கத்தரிக்கோலுக்கு ஒரு இடம் இன்றைக்கே ஆகிவிட்டால் சண்டை அடங்கும், சண்டை அடங்கினால் வீடு நிற்கும், வீடு நின்றால் தெரு வாயை மூடும். அவசரம் அவளுக்குத்தான். நேராகப் பலகையை எடுத்தாள்.

மேல் மூன்று டிராயரும் மதியத்துக்குள் முடிந்தன. அடி டிராயரை உருவித் தரையில் விரித்த துண்டில் கவிழ்த்தாள். நூல்கண்டு, ரப்பர் பேண்டு உருண்டை, உடைந்த கண்ணாடிக் கூடு, மருந்துச் சீட்டுகள், ஊக்கு, சோப்பு உறை, மூக்கு அடைப்புக்குத் தடவும் தைலம், கத்தரிக்கோல், எதற்கென்று தெரியாத ஒரு ஊதா மூடி. பழைய டிராயர் வாசனை ஒன்று கூடத்தில் எழுந்து அடங்கியது. எட்டுக் கட்டம் போட்டாள். கத்தரிக்கோலுக்கு முன்பக்கம் நீளமாகத் தனிக் கட்டம். வெட்டிய பலகை ஈறில் பல் பொருந்துகிற மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. அவளுக்கே திருப்தியாக இருந்தது.

சாப்பிட்ட பிறகு பெரியவர் சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். முக்காலியைக் காலால் தேடி உட்கார்ந்து, அடி டிராயரை இழுத்து, வலது கையை உள்ளே விட்டார். கை ஒரு பலகையில் முட்டி நின்றது. பக்கத்தில் போனது, அங்கேயும் முட்டியது.

"இது எந்த டிராயர்?"

"அடி டிராயர்தாங்கய்யா" என்றாள் கட்டக்கா. "எல்லாத்துக்கும் தனித்தனியா இடம் பண்ணியிருக்கேன். இனிமே நீங்க தேடவே வேண்டாம்."

"நான் தேடலையேம்மா."

கையை எடுக்கவில்லை அவர். ஒரு கட்டத்துக்குள் விரல்களை மடக்கி வைத்துக்கொண்டு, "தினம் வந்து கை விடுவேன். அவ போட்டு வச்சது எல்லாம் அப்படி அப்படியே இருக்கும். நூல் தட்டுப்படும், அப்புறம் கூடு தட்டுப்படும். அவ கைக்கு அப்புறம் என் கை. அவ்வளவுதான்" என்றார்.

மிஷின் சத்தம் நின்றது.

 கட்டக்கா பலகைகளை அப்படியே தூக்கினாள். பொருள்களை வாரி டிராயரில் போட்டுக் குலுக்கினாள். பெரியவர் மறுபடி கை விட்டுப் பார்த்தார்.

"இது கொட்டினதும்மா. அவ போட்டது வேற."

இத்தனை வருஷம் ஒழுங்கு செய்தவளுக்குக் கலைக்கத் தெரியவில்லை. எல்லாவற்றையும் மறுபடி துண்டில் கவிழ்த்துவிட்டு, எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் மண்டியிட்டிருந்தாள். எந்த டிராயரைக் கவிழ்க்கும் முன்னும் ஒரு பார்வை பார்த்து வைப்பவள், இன்று பார்க்கவில்லை.

மூத்தவள்தான் முதலில் வந்து உட்கார்ந்தாள். "கத்தரிக்கோல் முன்னாடிக்கா. வாய் உள்பக்கமா இருக்கணும். குழந்தைங்க கை பட்டுடும்னு அத்தை அப்படித்தான் வைப்பாங்க."

"ரப்பர் பேண்டு அது மேல" என்றாள் இளையவள், தோளில் அளவுநாடாவோடு வந்து நின்று. "நடுவுல இல்லக்கா, கைப்பிடிக்குள்ள. வளையத்துல செருகி."

"கைப்பிடிக்குள்ளயா? நான் பார்த்ததே இல்லையே."

"நீங்க எங்க பார்த்தீங்க? எடுத்தா எடுத்த இடத்துல வச்சாத்தானே."

"நான் வைக்கலையா? மேடையில வச்சதை இங்க கொண்டாந்து ஒளிச்சது நானா?"

"அப்ப நானா?"

"நான்தான்" என்றார் பெரியவர்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"மத்தியானமோ ராத்திரியோ, பக்கத்துல யாரும் இருக்க மாட்டீங்க. மேடையில, மிஷின்ல கை பட்டா எடுத்து இங்க வச்சிடுவேன். அதுக்கு அவ வச்ச இடம் இதுதானே."

"மாமா, இத்தனை மாசமா நாங்க அடிச்சுக்கிட்டது உங்க காதுல விழலையா?" என்றாள் மூத்தவள்.

"விழுந்தது. சொன்னா இந்த டிராயரையும் சுத்தம் பண்ணிடுவீங்களோன்னு பயம்." கொஞ்சம் யோசித்து, "கடைசியில பண்ணிட்டீங்க" என்றார்.

இளையவள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அது வேறாகி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மூத்தவள் அவளைப் பார்க்காமல், "தைலம் எங்கடி இருக்கும்?" என்றாள். "இடது மூலை. சாய்ஞ்சு கிடக்கும்." "மூடி திறந்தேவா?" "ஆமா, பாதி திருகி."

வெயில் கூடத்தை விட்டு இறங்கும்வரை மூன்று பெண்கள் ஒரு டிராயரைக் குப்பையாக்கினார்கள். ஒவ்வொன்றாக வைப்பார்கள், பெரியவர் கை விட்டுப் பார்ப்பார், "கொஞ்சம் உள்ளே" என்பார், சோப்பு உறை நூலுக்கு அடியில் போனதும், "ம்" என்றார். கட்டக்கா சொன்னபடி எடுத்துக் கொடுத்தாள். அந்த வீட்டில் அன்று அவளுக்கு அவ்வளவுதான் வேலை.

கடைசியில் துண்டில் மிஞ்சியது ஊதா மூடி. மூத்தவளுக்குத் தெரியவில்லை. இளையவளுக்கும் தெரியவில்லை. "இதோட டப்பா எங்கயாவது இருக்கும், தூக்கிப் போடாதேன்னு அத்தை சொல்லுவாங்க" என்பது மட்டும் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. பெரியவர் அதை வாங்கி விரலால் சுற்றிப் பார்த்தார். டிராயரில் ஒரு இடத்தில் வைத்து, எடுத்து, இன்னொரு இடத்தில் வைத்து, எடுத்தார்.

"எங்கேன்னு வரலையே" என்று கட்டக்காவிடமே திருப்பி நீட்டினார். "நீதானேம்மா கடைசியா பார்த்தவ. இடம் ஞாபகம் வந்தா கொண்டு வா."

"கொண்டு வரேங்கய்யா."

முனை வீடு பிரிந்துவிட்டது. சொல்லாமல் மறைப்பதில் பயனில்லை. புது வீட்டுக்கு முன்பணம் கொடுத்தாகியிருந்தது. கத்தரிக்கோல் வழக்கில் தீர்ப்பு வந்த பிறகும் சம்பள வழக்கு பாக்கி இருந்தது. அடுத்த மாதமே தம்பி குடும்பம் சாமான் ஏற்றியது. வண்டியில் கடைசியாக ஏறிய தையல் மிஷினை மூத்தவள் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக் கொடுத்தாள். மருந்துக் கடையிலும் சலூனிலும் ஒரு வாரத்துக்கு அதே பேச்சு. "சொன்னேனா இல்லையா?" சொன்னார்கள்தான்.

கட்டக்கா பலகைகளைக் கட்டிப் பரணில் போட்டாள். இரண்டு மாதம் ஒரு கதவும் திறக்கவில்லை. ஒரு சலவைப் பொடிக் கடையில் பொட்டலம் மடிக்கப் போனாள். பொட்டலங்களை அளவு வாரியாக அடுக்கி வைத்ததற்கு, "வந்த மறுநாளே என் கடையைப் பிரிச்சிடாதேம்மா" என்று கடைக்காரர் கிண்டல் செய்தார். அவள் சிரிக்கவில்லை.

பிறகு ஒருநாள் போன் வந்தது. இளையவள்.

"அக்கா, புது வீட்ல மூணு டிராயர் இருக்கு. ரெண்டுக்குக் கட்டம் போட்டுத் தாங்க. அட்டையில முதல்ல."

"மூணாவது?"

"அதுல கை வைக்காதீங்க. நாங்களே கலைச்சுக்கிறோம்."

இப்போது அவளுக்கு வேலை மெதுவாக வருகிறது. கூப்பிடுவதெல்லாம் ஏற்கெனவே பிரிந்த வீடுகள், இனி அவளால் ஆவதற்கு ஒன்றுமில்லை என்று தெருவுக்கும் ஒரு நிம்மதி. எந்த வீட்டுக்குப் போனாலும் அட்டை வாரத்தை அவள் விடுவதில்லை. கவிழ்க்கும் முன் டிராயரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்காரர்கள் டீ ஆறிப்போகிறது என்று நினைவுபடுத்தும் அளவுக்கு.

முனை வீட்டைத் தாண்டித்தான் அவள் பஸ் பிடிக்க வேண்டும். ஜன்னலோரம் பெரியவர் உட்கார்ந்திருப்பார். முகம் தெரியாவிட்டாலும் பிளைவுட் பட்டைகள் பையில் இடிபடும் சத்தம் அவருக்குத் தெரியும்.

"மூடி ஞாபகம் வந்துதாம்மா?"

"இன்னும் வரலைங்கய்யா."

"சரி, வரட்டும்."

அவள் வீட்டு டிராயரில் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. ஊதா மூடி மட்டும் மேஜைமேல், எதிலும் சேராமல், ஒரு சாஸரில் கிடக்கிறது.