சேணத்தின் அடியில் போர்வை

வெள்ளவத்தையில் வாங்கிய புதுச் சப்பாத்து இறுகி மகளின் குதிகாலைக் கடித்தது. மனைவி உள்ளே பஞ்சு வைத்தாள். தோல் மணத்தோடு, நான் சிறுவனாய் இருந்த கொட்டாஞ்சேனை வீட்டுப் போர்வை நினைவில் வந்தது.

வெள்ளைக்காரன் காலம். அப்பா ஒரு துரையின் குதிரைக்காரர். துரை சீமையிலிருந்து வரவழைத்த சேணம் குதிரைக்கு ஒடுக்கம். துரை அதில் நிமிர்ந்து இருந்தார். அவருக்கு அது போதும். குதிரையின் தோள்மேடு புண்ணானது. சேணத்தை மாற்றச் சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. என் போர்வையை மடித்து அடியில் வைத்தார். சேணம் இன்னும் இறுகியது. புண் எலும்பைத் தொட்டது. துரை குதிரையைச் சுட்டுவிட்டார்.

"மெத்தெண்டு இருக்குமெண்டுதானே வச்சனான்," என்று இரத்தக்கறை போகத் தோய்த்த போர்வையை என்னிடம் நீட்டினார் அப்பா. மழைக்காலம் முழுக்க நாங்கள் இருவரும் அதைத் தொடவில்லை.

மகளின் சப்பாத்துக்குள் இருந்த பஞ்சை உருவினேன்.

"ஏனப்பா? நோகுமே," என்றாள் மகள்.

"கழட்டிப்போட்டு வெறுங்காலோட வா."