கப்பலுக்குப் பூ கட்டிப் பார்த்தது

இன்று காலை கோழித் தீவனம் ஏற்றிய லாரி ஒன்று என்னை உரசிக்கொண்டு போனது. காய்ந்த மீன், உப்பு, சாக்குத் தூசி எல்லாம் சேர்ந்த வாடை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் கைக்குட்டையைத் தேடினார்கள். நான் தேடவில்லை. நெஞ்சு நிறைய இழுத்தேன். என் மகளின் பை ஐந்தாறு வருடம் இப்படித்தான் மணந்தது. மணந்தது என்றுதான் எழுதுவேன். வேறு சொல் போட விரும்புகிறவர்கள் அவரவர் நோட்டில் போட்டுக்கொள்ளட்டும்.

கடலூர் முதுநகரில் அப்போது எங்கள் வீடு. துறைமுகத்துக்கு நடந்தே போய்விடலாம். விசைப்படகுகள் வந்து வலையைக் கொட்டும்போது இறால் ஒரு கூடைக்குப் போகும், விலை போகும் மீன் இன்னொரு கூடைக்கு. மிஞ்சியதை மண்வெட்டியால் ஒதுக்கிக் குவிப்பார்கள். யாரும் தின்னாதவை, பாதிக்கு மேல் யாரும் பெயர் வைக்காதவை. கழிசல் என்பார்கள். வெயிலில் காய்ந்து, மூட்டையாகி, கோழிக்குத் தீனியாகப் போகும். அந்தக் குவியலின் ஓரத்தில் பாவாடையைச் சுருட்டிச் செருகிக்கொண்டு, பழைய டிபன் பாக்ஸ் ஒன்றைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பாள் என் மகள். சுனாமிக்குப் பிறகு ஊரே மீனைத் தொடாமல் இருந்த மாதங்களில் இவள் மீனைப் பார்க்கத் தொடங்கினாள். பதினாறு வயதில் அவளிடம் பன்னிரண்டு நோட்டுகள் இருந்தன, எல்லாம் பென்சில் படங்கள். கடல் குதிரை, முதுகில் சிப்பி வளர்ந்த நண்டு, கண் இரண்டும் ஒரே பக்கம் உள்ள மீன். மீன் பிரிக்கும் பெண்களுக்கு அவள் கழிசல் பொண்ணு. ஒருநாள் ஒரு அம்மா, பந்துபோல உப்பிய பேத்தை மீனை அவள் மடியில் போட்டு, "இந்தா, உனக்கு மாப்ள" என்று சொல்ல, கரை முழுக்கச் சிரித்தது. இவளும் சிரித்துவிட்டு மாப்பிள்ளையை வரைந்தாள்.

மகனுக்குப் பதினான்கு. அவனுடைய பைத்தியம் வேறு. எங்கள் ஊர் வழியாகப் போகும் மீட்டர் கேஜ் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு அகலப் பாதை போட்டுக்கொண்டிருந்த வருடங்கள் அவை. ரயிலே கிடையாது. அந்த ஓடாத ரயில்களுக்கு அவன் கால அட்டவணை போட்டான். முதுநகரில் காலை ஐந்து நாற்பதுக்குப் புறப்படும் வண்டி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை தாண்டிச் சிதம்பரம் போய்ச் சேர எத்தனை நிமிடம், எதிரே வரும் வண்டிக்காக எந்த ஸ்டேஷனில் நிற்க வேண்டும், ஒன்று தாமதமானால் மற்றதெல்லாம் எப்படிச் சரியும். ஜல்லியும் கட்டையும் கிடந்த பாதையின் ஓரம் கைக்கடிகாரத்தோடு நடந்து பார்த்துவிட்டு வருவான். ஒருநாள், நேற்று வண்டி இருபது நிமிடம் லேட் என்று வருத்தமாகச் சொன்னான். நானும் வருத்தப்பட்டேன். அதில் என்ன குறைந்துவிட்டது எனக்கு?

கப்பல் பேச்சு வந்தது இவர்களுக்கு நடுவில்தான். என் கணவரின் அக்கா சிதம்பரத்தில் இருந்தார். தாயில்லாத தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். அவருடைய மகன் சிங்கப்பூரில் வேலை பார்த்தான். குடும்பம் மொத்தத்தையும் ஒரு உல்லாசக் கப்பலில் ஏற்றிப் பினாங்கு வரைக்கும் சுற்றிக் காட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. செலவு அவனுடையது. பாஸ்போர்ட்டுகூட எங்கள் நாலு பேருக்கும் ஆறு மாதம் முன்பே எடுக்கவைத்துவிட்டான். நல்ல பிள்ளை, அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கோபம் வந்தது நாத்தனாரின் போனில்.

"ஏம்மா, கப்பல்ல இந்த வயசுப் பசங்களுக்குன்னே தனியா கிளப்பு இருக்காம். டான்ஸு, கேம்ஸு. பெரியவங்க உள்ள போவக்கூடாதாம். நாலு பசங்களோட சேந்து பழகுனா எல்லாம் சரியாப் போயிடும்."

"என்ன சரியாப் போயிடும் அண்ணி?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் மிக்சி ஓடியது. பிறகு அவர் வேறு எதையோ பேசினார்.

கப்பல் கிளம்பும் தேதி இன்னும் மோசம். கோடையில் ஒன்றரை மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, மீன்கள் குஞ்சு பொரிக்கும் காலம். தடை முடிந்து முதல் முதலாகப் படகுகள் திரும்பும் நாட்களில்தான் கடலின் அடியில் இத்தனை நாள் வலை படாமல் வளர்ந்ததெல்லாம் மேலே வரும். வருடத்தில் வேறு எப்போதும் பார்க்க முடியாத கழிசல் அது. முந்தைய வருடம் அம்மை போட்டு, வேப்பிலையோடு படுத்தபடி அந்த நாட்களைத் தவறவிட்டிருந்தாள் என் மகள். அடுத்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து எந்த ஊருக்குப் படிக்கப் போவாளோ தெரியாது. அவளுக்கு மிச்சம் இருந்தது இந்த ஒரு வருடம். கப்பல் கிளம்புவது தடை முடிவதற்கு முதல் நாள்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு வழவழப்பான புத்தகம் வந்தது. அதில் பிள்ளைகளுக்கான பக்கத்தை எத்தனையோ தடவை புரட்டினேன். ஒரே மாதிரி பல், ஒரே மாதிரி சிரிப்பு, கையில் பந்து. ஓரமாக உட்கார்ந்து எதையாவது உற்றுப் பார்க்கும் ஒரு பிள்ளை அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை. அத்தனை பெரிய கப்பல், பன்னிரண்டு மாடி, நீச்சல் குளம், அதற்குள் என் பிள்ளைகள் உட்கார ஒரு மூலை கிடையாதாம். போகட்டும். என் பிள்ளைகள் அந்தக் கப்பலுக்குச் சரிப்பட மாட்டார்கள் என்றால், கப்பல்தான் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். கணவரிடம் இதையே நாலு விதமாகச் சொன்னேன். அவர் அக்காவின் முகத்தையும் என் முகத்தையும் மனதில் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, பூ கட்டிப் பார்த்துவிடலாம் என்றார்.

அவர்கள் குடும்பத்தில் முடிவுக்கு வராத விஷயம் எதுவானாலும் இதுதான் வழக்கம். வாழையிலைத் துண்டு இரண்டு. ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. மடித்து, நூல் சுற்றி, அம்மன் படத்துக்கு முன்னால் தட்டில் போட்டுக் குலுக்குவார்கள். வீட்டில் எல்லாருக்கும் சின்னவர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் அம்மன் சரி என்கிறாள், சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே கிணற்றில் போட்டுவிடுவார்கள். அம்மன் விட்டதை மனிதர் பார்க்கக் கூடாது என்பார் நாத்தனார். பூ கட்டுவது எப்போதும் அவர்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை சிதம்பரம் போனோம். நாத்தனார் தலைக்குக் குளித்து, ஈரத் துண்டைச் சுற்றிய தலையோடு தட்டைக் கொண்டுவந்தார். என் மகன் கண்ணை மூடி ஒன்றை எடுத்தான். நந்தியாவட்டை. வெள்ளை. நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் கணவரும் போட்டுக்கொண்டார், முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அம்மனோடு சண்டை போட நான் தயங்கியவள் அல்ல, ஆனாலும் அன்றைக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

அப்போது என் மகள் குனிந்து, தட்டில் கிடந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்தாள். துறைமுகத்தில் குவியலிலிருந்து எடுப்பாளே, அதே மாதிரி இரண்டு விரலால்.

"அதப் பிரிக்கக்கூடாதுடி. எடுக்காததப் பிரிக்கக்கூடாது" என்றார் நாத்தனார்.

"எடுக்காதத மட்டுந்தான் அத்தை நான் பிரிப்பேன்" என்றாள், நூலைச் சுற்று சுற்றாகக் கழற்றியபடியே.

உள்ளே நந்தியாவட்டை. வெள்ளை.

என் கணவர் அந்தப் பூவையும் அக்காவையும் பார்த்தார். நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்தார். அழப் போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"நான் என்னைக்குடா செவப்பு வச்சேன்? உன்ன காலேஜுக்கு அனுப்ப ரெண்டும் வெள்ள. வீடு வாங்குனப்ப ரெண்டும் வெள்ள. ஜாதகம் பொருந்தலன்னு ஜோசியர் சொன்னாரே, இவளக் கட்டிவைக்கணும்னு பூ கட்டுனேனே, அதுவும் ரெண்டும் வெள்ளதான்."

பதினெட்டு வருடமாக அம்மன் கொடுத்த பெண் என்று என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர் என் கணவர். அவர் அம்மன் படத்தைத் திரும்பிப் பார்த்தார். கோபப்பட வேண்டிய இடத்தில் எனக்கு வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு கிளம்பியது. அந்தக் குடும்பத்துக்குள் நான் வந்ததே ஒரு திருட்டுப் பூவால். வேண்டியதைத் தானே முடிவு செய்துவிட்டு, அம்மன் தலையில் போட்டிருக்கிறார் அந்த அம்மாள். எனக்குப் பிடித்தே போனது. ஆனாலும் விடுவதாக இல்லை.

"அப்படின்னா அம்மன் எதுவும் சொல்லல. நான் சொல்றேன் அண்ணி. என் பசங்க ரெண்டு பேரும் வரல. அவுங்களச் சரிபண்ண ஒரு கப்பலும் வேணாம்."

சொன்னதும் உடம்பு லேசானது. எத்தனை வருடக் கல்யாண வீடுகள், எத்தனை சொந்தக்காரர்கள், பொண்ணு குப்பை கிளறுதாமே, பையனுக்கு டாக்டரக் காட்டுனீங்களா என்று கேட்டவர்கள். அத்தனை பேருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன் என்று நிமிர்ந்து நின்றேன். அப்போது பின்னால் என் மகன் மெதுவாகப் பேசினான்.

"நான் போறேம்மா."

திரும்பினேன். அந்த வழவழப்பான புத்தகம் அவன் கையில் இருந்தது. நான் எத்தனையோ தடவை புரட்டிய புத்தகம். அதன் கடைசிப் பக்கத்தை, நான் பார்க்காத பக்கத்தைத் திறந்து வைத்திருந்தான். எந்தத் துறைமுகத்தை எத்தனை மணிக்குத் தொடும், எத்தனை மணிக்கு விடும் என்ற அட்டவணை. ஓரத்தில் அவனுடைய பென்சில் எழுத்து.

"இது நெசமாவே ஓடுதும்மா. போட்ட நேரத்துக்குப் போவுதான்னு பாக்கணும்" என்றான்.

நாத்தனார் என்னைத்தான் பார்த்தார். கேலி இல்லாமல் கேட்டார்.

"அவன ஒரு வார்த்த கேட்டியாடி நீ?"

கேட்கவில்லை. மகளுக்கு வேண்டாம் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அவள் வாய்விட்டுச் சொன்னாள். மகன் எதையும் சொல்கிற ஆள் இல்லை. அவன் பேசாததை எல்லாம் நானே நிரப்பிக்கொண்டேன். ஊர் அவனை ஒரு மாதிரி பார்க்கிறது என்ற கோபத்தில், அவன் சார்பில் சண்டை போட்டுப் போட்டு, சண்டையே அவன் என்று ஆகிவிட்டது. நாத்தனார் கட்டிய பொட்டலங்கள் இரண்டிலும் வெள்ளை. நான் கட்டியதில் இரண்டிலும் சிவப்பு. அவர் ஒத்துக்கொண்டு சிரிக்கவாவது செய்தார்.

வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கம் என்னை ஒரு வழிக்குக் கொண்டுவரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மகனும் அப்பாவும் போகட்டும், நானும் மகளும் போகவில்லை என்றேன். டிக்கெட் வீணாகுமே, சொந்தக்காரர் என்ன சொல்வார்கள், குடும்பமாகப் போகிற இடத்தில் பாதிக் குடும்பமா என்று நாத்தனார் சாயங்காலம் வரைக்கும் வாதாடினார். பாதி இங்கே, பாதி அங்கே, அதுவும் குடும்பம்தான் என்று நானும் சாயங்காலம் வரைக்கும் சொன்னேன். கடைசியில் எங்களுக்குக் கத்திரிக்காய் கொத்சு கட்டிக் கொடுத்து அனுப்பினார். அவர் தோற்றதைச் சமையலில் மட்டும்தான் ஒத்துக்கொள்வார்.

மே மாதக் கடைசியில், ஒரு காலை, சிதம்பரத்திலிருந்து கிளம்பிச் சென்னை விமான நிலையம் போகும் வேன் முதுநகர் மெயின் ரோட்டில் வந்து நின்றது. உள்ளே நாத்தனாரும் அவர் வீட்டுக்காரரும், புளியோதரை வாசனையும். என் கணவர் பெட்டியைத் தூக்கி வைத்தார். என் மகள் தம்பிக்குத் தன்னுடைய நல்ல பென்சிலைக் கொடுத்தாள், தொலைத்தால் வீட்டுக்கு வராதே என்ற நிபந்தனையோடு. நாத்தனார் அவள் கன்னத்தைக் கிள்ளி, ரெண்டு நாள் கழித்து உன் கழிசல் ராஜ்ஜியம்தானே, போய் ஆளு என்றார். அதில் பாதி குத்தல், பாதி ஆசை. இவள் இரண்டையும் வாங்கிக்கொண்டாள்.

மகன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தான். வேன் ஏழு நிமிடம் தாமதம் என்று நோட்டில் எழுதினான். அவனுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஒரு வாரமாக மன்னிப்பு மாதிரி ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தேன். அது வரவில்லை. பழைய நானே வந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"அந்தக் கிளப்புக்குப் போகச் சொல்லி யாராவது கட்டாயப்படுத்துனா, முடியாதுன்னு சொல்லிடு. புடிக்கலன்னா போவவே வேணாம்."

வேன் நகரத் தொடங்கியது. அவன் தலையை வெளியே நீட்டினான்.

"புடிச்சா போவலாமாம்மா?"

நாலு அடி கூடவே ஓடினேன்.

"போடா. என்னக் கேக்காத, போ."