வாசெனின் வினைச்சொல்

“இன்று காலை தாங்கள் இனிதே துயிலெழுந்தீர்களா, மதாம்?” என்று வாசென் வலது சுட்டுவிரலை உயர்த்திக் கேட்டு முடிப்பதற்குள், பலேர்மோ நகரத்துப் பல்லாரோ சந்தையில் ஒரு முழு வாள்மீன் அறுபட்டு, விலைபட்டு, யாரோ வீட்டு எண்ணெய்ச் சட்டியில் பொரிந்தும் விடும்.

“எழும்பாமலோ இஞ்சை நிக்கிறன்? கத்தரிக்காயை எடும், நேரம் போகுது,” என்பாள் கூடவே சாமான் வாங்க வந்த சிவமலர்.

வாசென் மொரீஷியஸ்காரர். பூட்டன் காலத்தில் கப்பலேறிய தமிழ்க் குடும்பம். தமிழில் அவருக்கு மிஞ்சியது காவடியன்று சொல்லும் ‘அரோகரா’ ஒன்றுதான். சிவமலர் யாழ்ப்பாணத்தாள், பலேர்மோவுக்கு வருமுன் பாரீஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவியவள். ஆகவே இருவருக்கும் பொதுமொழி பிரெஞ்சு. பொது என்பது ஒரு பேச்சுக்குத்தான். அவருடையது, கரும்புத் தோட்டத்துப் பெரிய வீடொன்றில் எடுபிடியாய் நின்ற வயதில் கிழட்டு எசமானியின் வாயிலிருந்து பொறுக்கியது. அந்த அம்மாளுக்கு அது எந்த ராசா காலத்துச் சொத்தோ! சிவமலருடையது சட்டிபானைச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகியது. தமிழில் சொன்னால் அவர் அரண்மனையிலிருந்தும் அவள் அடுக்களையிலிருந்தும் பேசுவதாகத்தான் வரும்.

சப்பாத்துக்கு அவர் ‘சூலியே’ என்பார். அவள் ‘கொடாஸ்’ என்பாள். விரல் உயரும்: “அச்சொல் கால்களுக்கு இழைக்கப்படும் அவமானம், மதாம்.” ரொட்டி வாங்கிவர அவர் போவதில்லை, கொணரச் செல்வார்.

“ரொட்டி என்ன, ராசகுமாரியோ? போய்த் தூக்கிக்கொண்டு வாருமன்!”

அல்பெர்கேரியாச் சந்துச் சேற்றிலும் அவருடைய சப்பாத்தில் முகம் பார்க்கலாம். வேலை செய்யும் வீட்டுக்கார அம்மாளான சிஞ்ஞோராவின் நாயைக்கூட அவர் ஒருமையில் அழைத்ததில்லை. “தாங்கள் சற்றே குரைப்பதை நிறுத்தலாகாதா?” என்றால் அது வெட்கப்பட்டுக் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துவிடுமாம். அவரை இதுவரை கடிக்கவில்லை என்பதுமட்டும் உண்மை.

இப்பேர்ப்பட்ட பேச்சுக்காரர் ஒரே ஒன்றைக் கேட்க முடியாமல் ஒரு வருஷமாகத் திண்டாடினார். சிவமலர் தனியாள், அவரும் தனியாள். தன்னைக் கட்டிக்கொள்வாளா என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தகுந்த வினைச்சொல் அகப்படவில்லை. ‘விரும்புகிறேன்’ என்பதைச் சந்தையில் தக்காளிக்கும் சொல்கிறார்கள். ‘ஆராதிக்கிறேன்’ கோயிலுக்கு உரியது. மிஞ்சிய சொற்களைச் சொன்னால் சிவமலர் சிரித்துச் சிரித்தே செத்துப்போவாள்.

அப்படியிருக்க, ஒரு வியாழக்கிழமை கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால் நின்று அவள் சொன்னாள்: “நான் மிலானோவுக்குப் போறன். அண்ணை அங்கை வேலை பாத்து வச்சிருக்கிறார். ஞாயிறு பின்னேரம் ரயில்.”

வாசெனின் விரல் உயரவில்லை. “ஸ்தாசியோனே சென்ட்ராலேயில்… ஜு வூஸ் எஸ்பேர்,” என்றார்.

பெரிய வீட்டுப் பழைய பிரெஞ்சில் அதற்கு ‘ரயில் நிலையத்தில் உங்களுக்காகக் காத்து நிற்பேன்’ என்று பொருள். பெட்டி தூக்க வருகிறேன் என்பதைத்தான் பாவம் அவர் சொன்னார். பாரீஸ் தெருவில் அதே சொல்லுக்கு ‘உங்களைத்தான் ஆசையோடு நம்பியிருக்கிறேன்’ என்று பொருள். இரண்டும் அவருக்குத் தெரியும். பதற்றத்தில் நாவுக்கு வந்தது பழையது, புதியது நினைவுக்கே வரவில்லை. சிவமலர் சிரிக்கவில்லை. நக்கலும் அடிக்கவில்லை. வாங்கிய கத்தரிக்காயைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். என்ன தப்பாகச் சொன்னோம் என்று அவருக்கு மூன்று இரவும் தூக்கமில்லை.

ஞாயிறு பின்னேரம், ரயில் மேடைக்கு வருமுன்பே சப்பாத்து பளபளக்க வாசென் அங்கே நின்றார். சிவமலர் வந்தாள். கையில் பெட்டியில்லை, ஒரு சந்தைப் பை, அதன் வாயில் கத்தரிக்காய்க் காம்புகள்.

“தங்கள் பயணப் பேழை எங்கே, மதாம்?”

“அண்ணைக்கு ரெலிபோன் எடுத்து வரேல்லை எண்டு சொல்லிப்போட்டன்.” அவள் அவருடைய சப்பாத்தைப் பார்த்தபடி பேசினாள். “ஒரு வருசமாச் சுத்திச் சுத்திக் கதைச்சீர். கடைசியா ஒரே சொல்லிலை சொல்லிப்போட்டீர். உண்மையாத்தானே சொன்னனீர், எஸ்பேர் எண்டு?”

வாசெனின் சுட்டுவிரல் உயர்ந்தது. அந்தச் சொல்லின் பழைய பொருளும், அப்போதுதான் நினைவுக்கு வந்த புதிய பொருளும் நாக்கு நுனியில் வந்து வரிசையாக நின்றன. சிவமலர் நிமிர்ந்து பார்த்தாள். பாதி வழியில் நின்ற விரல் மெல்ல மடங்கியது. அதே கையை நீட்டி, அவளுடைய கத்தரிக்காய்ப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.