இடது பக்க சன்னல்

போன வாரம் பள்ளி வேன் வந்து நின்றபோது, என் மகள் வழக்கமாக உட்காரும் சன்னலில் வேறொரு குழந்தையின் முகம் இருந்தது. அவள் பின்னால்தான் இருந்தாள்; சின்னப் பாப்பா கேட்டதென்று இடத்தை விட்டுக் கொடுத்திருக்கிறாள். அந்த ஒரு நொடியில் பிடித்த பயம் இன்னும் விடவில்லை. அதோடு ஒரு பழைய கம்பெனி வேனும் நினைவில் வந்து நின்றுகொண்டது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். கோடை விடுமுறையில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அம்மா தன்னோடு பனியன் கம்பெனிக்குக் கூட்டிப் போவார். வேனில் இடது பக்க சன்னல் அத்தைக்கு. உறவொன்றும் இல்லை, பக்கத்து வீட்டில் தனியாகக் குடியிருந்து அம்மாவோடு அதே கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர். எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவார், அந்த இடத்தைத் தவிர.

ஒருநாள் அதுதான் வேண்டுமென்று நின்றேன்.

"மடியில உக்காந்துக்க கண்ணு," என்றார் அத்தை.

மடியில் உட்காரும் வயதா எனக்கு? அழுதேன். வேன் இரண்டு கட்சியானது.

"ஏனுங்க்கா, பச்சப் புள்ளகிட்டப் போயி மல்லுக்கட்டறீங்க? எந்திரிச்சுக் குடுங்க," என்றார் டிரைவர்.

"அழுதா எந்திரிக்கோணுமா? அப்ப நானும் அழுவறனுங்க, உங்க சீட்டக் குடுங்க," என்றார் பின்னாலிருந்த ஓர் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் கூச்சத்தில் என்னைக் கிள்ளினார். அத்தை எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நின்றார்.

வழியில் நெருப்பெரிச்சல் என்ற ஊரின் வேகத்தடையில் வேன் மெதுவானது. மளிகைக் கடையோரம் நின்றிருந்த என் வயதுப் பையன் ஒருவன், கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். சன்னலில் என்னைக் கண்டதும் கை பாதியில் இறங்கிவிட்டது. நான் உற்சாகமாகக் கையசைத்தேன். அத்தை தலைகளுக்கிடையே குனிந்து பார்ப்பதற்குள் வேன் கிளம்பிவிட்டது.

"அங்க ஒரு பையன் நின்னானா கண்ணு?"

"ஆமாங்கத்தை, எனக்கு டாட்டா காட்டுனான்."

"என்ன சட்டை போட்டிருந்தான்? கால்ல செருப்பு இருந்துச்சா?"

செருப்பையெல்லாம் யார் பார்ப்பார்கள்?

புருஷன் வீட்டார் அத்தையைத் துரத்திவிட்டு மகனைத் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள். அந்த வேகத்தடையில்தான் தாயும் பிள்ளையும் தினமும் பார்த்துக்கொண்டார்கள். வேனில் அன்று ஒருவருக்கும் இது தெரியாது. பல வருடம் கழித்து அம்மா சொல்லித்தான் நானும் அறிந்தேன். குழந்தை கேட்டால் பேருந்தில் நான் எழுந்துவிடுகிறேன். எழாதவர்களை ஒன்றும் சொல்வதில்லை.

அன்று கம்பெனி போய்ச் சேரும்வரை பெருமை தாங்கவில்லை எனக்கு. புதுச் சிநேகிதன் கிடைத்துவிட்டான், நாளைக்கும் எனக்காக வந்து நிற்பான் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"நிப்பான் கண்ணு," என்றார் அத்தை.